ஹீட்டிங் பைப்புக்கு மேல ஸ்க்ரீட்: நாமளே போடலாமா, ஆள் விடலாமா?

அண்டர்ஃப்ளோர் ஹீட்டிங், அதாவது தரைக்குள்ள பைப் பதிச்சு சுடுதண்ணி ஓட விட்டு வீட்ட சூடாக்குறது, அத வைக்கிறதுனு முடிவு பண்ணியாச்சு, சூடு கீழ போகாம தடுக்கிற இன்சுலேஷன் என்ன, பைப் என்னனு எல்லாம் பாத்தாச்சு, கடைசில எல்லாரும் வந்து நிக்கிற இடம் இந்த ஸ்க்ரீட்தான். பைப்ப மூடி மேல போடுற அந்த சிமெண்ட் தளத்த நாமளே போட்டா நல்ல காசு மிச்சமாகுமே, ஆளுங்கள விடணுமானு ஒரு யோசனை வரும். "என்னால முடியுமா?"னு கேட்டா பாதிப் பேருக்கு முடியும்தான். நான் வேற கேள்வி கேக்கச் சொல்வேன். இந்த மொத்த வேலைல எது தப்பானா பிரிச்சு திரும்ப செய்யலாம், எது தப்பானா உடைச்சுத்தான் எடுக்கணும்? இத வச்சுப் பிரிச்சுப் பாருங்க, முழுசா நாமளே, முழுசா அவங்களேன்னு ரெண்டு வழிதான் இருக்குங்கிறதே மாறிடும்.

முதல்ல ஒண்ணு புரிஞ்சுக்கணும், ஹீட்டிங்குக்கு மேல வர்ற ஸ்க்ரீட் சாதாரண தரை மாதிரி கிடையாது. சாதாரண ஸ்க்ரீட் அடில இருக்கிற கான்க்ரீட்டோட ஒட்டிக்கிட்டு இருக்கும், கொஞ்சம் முன்னப்பின்ன இருந்தாலும் தாங்கிக்கும். இது இன்சுலேஷன் பலகைக்கு மேல மிதக்குற தளம், அடில எதோடயும் ஒட்டுறது இல்ல, சுவரோடயும் ஒட்டக் கூடாது. அதனால அதோட பலம் முழுக்க அதோட கனத்துலயும் அது எவ்வளவு இறுக்கமா இருக்குங்கிறதுலயும்தான் இருக்கு. சிமெண்ட் மணல் ஸ்க்ரீட்னா வீட்டுக்கு 65 மில்லிமீட்டர் வேணும், ஆள் நடமாட்டம் ஜாஸ்தியா உள்ள கட்டடம்னா 75. பைப்போட முதுகுக்கு மேல குறைஞ்சது 25லேருந்து 30 மில்லிமீட்டராவது மூடி இருக்கணும். அதுக்கும் மேல இது சூடாகி விரியும், ஆறினா சுருங்கும், ஒவ்வொரு குளிர்காலமும் இதே கதைதான். 8 மீட்டர் நீளமான தளம் 25 டிகிரி சூடேறினா கிட்டத்தட்ட இரண்டரை மில்லிமீட்டர் நீளும். பாக்க ஒண்ணுமில்லாத அளவு மாதிரி தெரியும், ஆனா சுவர்கிட்ட அதுக்கு இடம் விடலைன்னா தளம் வெடிக்கும், இல்லன்னா மேல ஒட்டின டைல் கிளம்பும்.

இப்ப வேலைய ரெண்டாப் பிரிக்கிறேன். பைப் விரிக்கிற வரைக்கும் உள்ளது ஒண்ணு, கலவை கொட்டுனதுக்கு அப்புறம் உள்ளது இன்னொண்ணு.

முதல் பாதிய நீங்களே செய்யுங்கன்னு தைரியமா சொல்வேன், சொல்லப் போனா நீங்க செஞ்சாத்தான் நல்லா இருக்கும். ஏன்னா அங்க கடிகாரம் ஓடல. அடித்தளம் மட்டமா இருக்கானு பாக்கிறது, மேடு இருந்தா தேய்க்கிறது, இன்சுலேஷன் பலகைய ஆட்டம் இல்லாம இடுக்கு இல்லாம பரப்புறது, இதெல்லாம் பொறுமை கேக்குற வேலை, பலம் கேக்குற வேலை இல்ல. பலகை ஒரு இடத்துல அடில தொங்கிட்டு இருந்தா அது மேல வர்ற தளமும் அந்த இடத்துல பிடிமானம் இல்லாமதான் நிக்கும், பின்னாடி கனமான அலமாரி வச்சா அங்கதான் விரிசல் வரும், அதனால ஒவ்வொரு பலகை மேலயும் ஏறி நின்னு ஆடுதானு பாருங்க. கூலிக்கு வந்தவர் இத அவ்வளவு அக்கறையா பாப்பார்னு சொல்ல முடியாது, நம்ம வீடுன்னா நாம பாப்போம்.

சுவரோரம் சுத்தி ஒட்டுற ஃபோம் பட்டை 8லேருந்து 10 மில்லிமீட்டர் கனத்துல வரும், ஐரோப்பிய தரநிலை ஈஎன் 1264 கேக்கிறது தளம் குறைஞ்சது 5 மில்லிமீட்டர் நகர இடம் இருக்கணும்னு. இத சுவர் மட்டும் இல்லாம தூண், கதவு நிலை, குழாய் மேல ஏறுற இடம், படிக்கட்டு ஓரம் எல்லாத்தையும் சுத்தி ஒட்டணும். ஒரு மூலைல விட்டுப்போச்சுனா அந்த ஒரு இடத்துல தளம் சுவரைப் பிடிச்சுக்கும். அதுக்கு மேல பாலித்தீன் ஷீட், ஓரம் ஒண்ணு மேல ஒண்ணு ஏறி டேப் ஒட்டி. பைப் பெரும்பாலும் 16 மில்லிமீட்டர், 100லேருந்து 200 மில்லிமீட்டர் இடைவெளி, ஒரு லூப், அதாவது ஒரு சுத்து, 100 மீட்டரத் தாண்டாம, தளத்துக்கு அடில எங்கயும் ஜாயிண்ட் இல்லாம, தண்ணியப் பிரிச்சு விடுற மானிஃபோல்ட்லேருந்து கிளம்பி மானிஃபோல்டுக்கே திரும்பி வரணும். க்ளிப்ப தாராளமா அடிங்க, பின்னாடி சொல்றேன் ஏன்னு.

அப்புறம் ப்ரெஷர் டெஸ்ட், பைப்புல கசிவு இருக்கானு அழுத்தம் கொடுத்துப் பாக்கிறது. தண்ணி நிரப்பி காத்தெல்லாம் வெளியேத்திட்டு அழுத்தத்த 6 பார் வரைக்கும் ஏத்தி கேஜ் முள்ளு நிக்குதானு பாக்கணும். முக்கியமானது என்னன்னா டெஸ்ட் முடிஞ்சதும் தண்ணிய வடிச்சுடக் கூடாது, கலவை கொட்டும்போதும் பைப்புல அழுத்தம் இருக்கணும், அப்பதான் மண்வெட்டி முனை பட்டு ஓட்டை விழுந்தா முள்ளு இறங்கும், தண்ணி தெரியும், அந்த நிமிஷமே வேலைய நிறுத்தி சரி பண்ணிக்கலாம். இல்லன்னா தளம் காஞ்சு டைல் ஒட்டி ஹீட்டிங் போடுற அன்னிக்குத்தான் தெரிய வரும். குளிர்ல தண்ணி உறையுற இடம்னா அதுக்கும் ஏற்பாடு பண்ணிக்கணும். கொட்டுறதுக்கு முன்னாடி அளவு டேப்ப விரிச்சு வச்சு ரூம் ரூமா போட்டோ எடுத்து வைங்க, பைப் எங்க போகுதுனு பின்னாடி தரைல ஒரு திருகு போட வேண்டி வந்தா அந்தப் போட்டோதான் துணை.

இதுவரைக்கும் சொன்ன எதுவும் தப்பானா கழட்டி மாட்டலாம். ராத்திரி விட்டுட்டு காலைல வந்து தொடரலாம். இனி வர்றது அப்படி இல்ல.

சிமெண்ட் மணல் ஸ்க்ரீட்ட கையால போடுறதுல என்ன இருக்குனு கணக்கு போட்டுப் பாப்போம். 20 சதுர மீட்டர் ரூம், 65 மில்லிமீட்டர் கனம், 1.3 கன மீட்டர் வருது. எடை சுமாரா இரண்டே முக்கால் டன். ஒரு பங்கு சிமெண்ட்டுக்கு நாலு பங்கு மணல்னு கலந்தா சிமெண்ட் மட்டும் அரை டன்னுக்கு மேல, மிச்சம் மணல். இத அளந்து, கலந்து, தள்ளிட்டு வந்து, பைப்ப மிதிக்காம கொட்டி, பரப்பி, இறுக்கி, மட்டம் இழுத்து, தேய்ச்சு முடிக்கணும். ஒரு மிக்ஸர்ல ஒரு தடவைக்கு 60 லிட்டர் வந்தா 20 தடவைக்கு மேல ஓட்டணும். தண்ணி சேர்ந்த கலவை சுமார் ரெண்டு மணி நேரத்துக்குள்ள தரைல இறங்கி மட்டமாகிடணும், அதுக்கு அப்புறம் தண்ணி தெளிச்சு இளக்கி வேலை பாத்தா பலம் போயிடும். ஒரு ஆள் கலக்க, ஒரு ஆள் சுமக்க, ஒரு ஆள் மட்டம் பாக்கனு மூணு பேராவது வேணும், தனியா ஆரம்பிச்சா மதியத்துக்கு மேல கலவை ஒரு பதத்துல, காலைல போட்டது ஒரு பதத்துலனு ரெண்டு தரையா நிக்கும்.

கனத்த விட பதம்தான் பெரிய சிக்கல். இந்தக் கலவை பூச்சுக் கலவை மாதிரி குழைவா இருக்கக் கூடாது, பாதி ஈரம்தான். கைல எடுத்து உருண்டை பிடிச்சா உடையாம நிக்கணும், ஆனா விரல் இடுக்குல தண்ணி வடியக் கூடாது. தண்ணி அதிகமானா வேலை சுளுவா நடக்கும், காயும்போது சுருங்கி விரிசல் விடும், ஓரம் மேல சுருண்டு கிளம்பும். தண்ணி குறைஞ்சா இறுகாது, மேல மட்டும் தேய்ச்சு பளபளன்னு இருக்கும், உள்ள பொடியா இருக்கும். அதுவும் சாதாரண உருளை மிக்ஸர் இந்தப் பாதி ஈரக் கலவைக்கு ஒத்து வராது, சிமெண்ட் மணலோட சேராம உருண்டை உருண்டையா கட்டிக்கும். சட்டி மாதிரி தொட்டிக்குள்ள கத்தி சுத்துற மிக்ஸர்தான் வேணும். வாடகைக்கு எடுக்கும்போது இத கேட்டு எடுங்க, நிறைய பேர் போடுற தரை பொடியா உதிர்றதுக்கு இந்த மிக்ஸர் ஒரு முக்கிய காரணம்.

இறுக்கறது அடுத்தது. 50 மில்லிமீட்டருக்கு மேல கனம்னா ரெண்டு அடுக்கா போட்டு, முதல் அடுக்க நல்லா இடிச்சு, அது காயுறதுக்குள்ள லேசா கீறி விட்டு, உடனே அடுத்த அடுக்கு போடணும். அதுவும் அடில ஃபோம் பலகை கொஞ்சம் துள்ளும், பைப் ஒரு பக்கம் நெருக்கும், பைப்புக்கு அடிப்பக்கம் ரெண்டு ஓரத்துலயும் கலவை போய் உக்காரணும். அங்க காத்து நின்னா அந்த இடத்துல பைப்போட சூடு தளத்துக்குப் போகாது. ஹீட்டிங்க நம்பித்தான் இவ்வளவும் செய்யறோம், அந்த ஹீட்டிங் ஒழுங்கா வேலை செய்யறது இந்த இறுக்கத்துலதான் இருக்கு. மேல இருந்து பாத்தா நல்ல தரையும் பொக்குத் தரையும் ஒண்ணு போலத்தான் தெரியும். தொழில்ல இத சோதிக்கவே ஒரு முறை இருக்கு, 4 கிலோ எடைய 1 மீட்டர் உயரத்துலேருந்து ஒரே இடத்துல நாலு தடவ விழ விட்டு எத்தனை மில்லிமீட்டர் பள்ளம் விழுதுனு அளப்பாங்க, இன்சுலேஷன் மேல மிதக்குற தளத்துக்கு அதுலயே குறைஞ்ச எடை.

உடம்பப் பத்தியும் சொல்லிடுறேன், இத யாரும் சொல்றது இல்ல. ஈர சிமெண்ட் கடுமையான காரம், பிஎச் 12க்கு மேல. முழங்கால் போட்டு அதுல ஒரு நாள் முழுக்க வேலை பாத்தா பேண்ட் நனைஞ்சு தோல் வெந்து போகும், அதுவும் அந்த நேரத்துல வலிக்காது, சாயந்திரம்தான் தெரியும். தண்ணி புகாத முழங்கால் பேடு, கையுறை, காஞ்ச சிமெண்ட் கொட்டும்போது மாஸ்க், இது மூணும் இல்லாம ஆரம்பிக்காதீங்க.

இவ்வளவு சொன்னாலும் நீங்களே போடுறதுக்கு நியாயம் இருக்கிற இடமும் இருக்கு. குளியலறை, சின்ன அடுப்பங்கரை, 10 சதுர மீட்டருக்குள்ள ஒரு ரூம், நேரான நாலு சுவர், கூட ரெண்டு பேர், அதுல ஒருத்தருக்காவது கொத்து வேலை கை பழக்கம். அப்படின்னா போடலாம், நல்லாவே வரும். லேசர் வச்சு சுவர் முழுக்க மட்டக் கோடு அடிச்சு, அந்த உயரத்துக்கு கலவையாலயே பட்டை பட்டையா வரப்பு இழுத்து, ரெண்டு வரப்புக்கு நடுவுல நிரப்பி மட்டப்பலகைய இழுத்துக்கிட்டே கதவ நோக்கிப் பின்னால வாங்க. முடிச்சதும் 2 மீட்டர் பலகைய வச்சுப் பாத்தா அடில 5 மில்லிமீட்டருக்கு மேல இடைவெளி இல்லாம இருந்தா வீட்டுக்குப் போதும், பெரிய சைஸ் டைல் ஒட்டறதா இருந்தா 3க்குள்ள கொண்டு வரப் பாருங்க. முடியும்னா கலவைய ரெடிமிக்ஸா, அதாவது கலந்தே வர்ற மாதிரி, வரவழைச்சுக்கங்க, அதுல கெட்டியாகுறத தாமதப்படுத்துற மருந்து சேர்த்து அனுப்புவாங்க, பல மணி நேரம் பதம் கெடாம இருக்கும், அளவும் ஒண்ணு போல இருக்கும். தனியா வேலை செய்யறவங்களுக்கு பாதி பாரம் அங்கயே குறையுது.

வீடு முழுக்க 80, 100 சதுர மீட்டர்னா என் பதில் நேரானது, ஆள் விடுங்க. அதுவும் அந்த அளவுக்கு லிக்விட் ஸ்க்ரீட், அதாவது கால்சியம் சல்ஃபேட் சேர்ந்த, தண்ணி மாதிரி ஓடுற கலவை, அத பம்ப் வச்சு பைப்ல கொண்டு வந்து ஊத்திட்டுப் போயிடுவாங்க. ஒரே நாள்ல முழு வீடும் முடியும். அது பைப்ப சுத்தி முழுசா போய் அணைச்சுக்கும், காத்து நிக்கிற பேச்சே இல்ல, சூடு கடத்துறதும் சிமெண்ட் மணல விட மேல். பைப்புக்கு மேல 30 மில்லிமீட்டர் அளவு கனம் போதும்ங்கிறதால தளம் மெலிசாகும், மெலிசான தளம் சீக்கிரம் சூடாகும், கூடுதல் எடையும் குறையும். இத நாமளே வீட்டுல கலக்கி ஊத்துறது பெரிய பரப்புக்கு நடக்காத காரியம்.

ஆனா இதுக்கும் ஒரு நிபந்தனை இருக்கு, அதுலதான் நீங்க செஞ்ச முதல் பாதி மாட்டும். ஓடுற கலவை எந்த ஓட்டையையும் விடாது. பாலித்தீன்ல ஒரு கிழிசல் இருந்தாலும் அடில புகுந்து இன்சுலேஷன் பலகையவே மேல தூக்கிடும், பைப் க்ளிப் பத்தலைன்னா பைப் மிதந்து மேல வந்துடும், க்ளிப்ப தாராளமா அடிக்கச் சொன்னது இதுக்குத்தான். ஊத்த வர்றவங்க அத சரி பண்ண மாட்டாங்க, லாரி வந்து நிக்கும், நேரம் ஓடும். அவங்க வர்றதுக்கு முந்தின நாள் டேப் ஒட்டின ஒவ்வொரு இடத்தையும் கையால தடவிப் பாருங்க. இன்னொண்ணு, கால்சியம் சல்ஃபேட் தளம் எப்பவும் ஈரமா இருக்கிற இடத்துக்கு ஆகாது. அதோட மேல ஒரு மெல்லிய பால் ஆடை மாதிரி படலம் வரும், அத ஒரு வாரம் போல ஆனதும் தேய்ச்சு எடுத்தாகணும். சிமெண்ட் டைல் பசைய நேரா அது மேல போட்டா ரெண்டுக்கும் நடுவுல ரசாயன மாற்றம் நடந்து டைல் கழண்டு வரும், நடுவுல ப்ரைமர்ங்கிற அடிப்பூச்சு கட்டாயம். ஸ்க்ரீட் போட்டவர் ஒருத்தர், டைல் ஒட்டறவர் வேறொருத்தர்னா இத நீங்கதான் அவர் காதுல போடணும்.

காசு கணக்குக்கு வருவோம். தொழில்முறை ஆளுங்க வாங்குறதுல பெரிய பகுதி வந்து போறதுக்கும் பம்புக்கும் லாரிக்கும், அது 10 சதுர மீட்டர் ஆனாலும் 100 ஆனாலும் அதிகம் மாறாது. அதனால சின்ன ரூமுக்கு அவங்கள கூப்பிட்டா சதுர மீட்டர் கணக்குல ரொம்ப ஏறும், பெரிய வீட்டுக்குக் கூப்பிட்டா இறங்கிடும். நாமளே செய்யறதுல இது அப்படியே தலைகீழ், பரப்பு ஏற ஏற நம்ம கஷ்டமும் தப்பு வர்ற வாய்ப்பும் ஏறும். நம்ம கணக்குல மிக்ஸர் வாடகை, லேசர், மணல் கழிவு, உதவிக்கு வர்றவங்க சம்பளம், கடைசில மட்டம் சரியில்லைன்னு மேல ஊத்துற லெவலிங் காம்பவுண்ட் எல்லாத்தையும் சேர்த்துப் பாருங்க, மிச்சம் நினைச்ச அளவு இருக்காது. இன்சுலேஷனும் பைப்பும் நீங்களே பண்ணி, கொட்டுறத மட்டும் ஆளுக்கு விட்டா கூலில நல்ல பகுதி உங்ககிட்டயே நிக்கும், ஆபத்தான பகுதி கை பழகினவர்கிட்ட போயிடும். எனக்குப் பிடிச்ச வழி இதுதான். ஒண்ணு மட்டும், அவர் வேலை எடுக்கிறதுக்கு முன்னாடியே உங்க பைப் வேலைய வந்து பாத்து, ப்ரெஷர் கேஜ் காட்டுற அளவையும் பாத்து, ரெண்டு பேரும் எழுதி கையெழுத்து போட்டுக்கங்க. பின்னாடி கசிவு வந்தா உன் தப்பா என் தப்பானு சண்டை வராது.

ஆள் விட்டா கவலை விட்டதுனு இல்ல. வர்றவர் சாதாரண தளம் போட்டே பழகினவரா இருக்கலாம், ஹீட்டிங் மேல போட்டிருக்காரானு கேளுங்க. தளம் விரிய இடம் விட்டுப் பிரிக்கிற ஜாயிண்ட் எங்க விடப் போறீங்கனு கேளுங்க, இந்தக் கேள்விலயே ஆள் யாருன்னு தெரிஞ்சுடும். 40 சதுர மீட்டரத் தாண்டினா, இல்ல ஒரு பக்கம் 8 மீட்டரத் தாண்டினா தளத்தப் பிரிக்கணும், எல் வடிவ ரூம்னா உள்மூலைல பிரிக்கணும், கதவு வாசல்ல பிரிக்கணும், தனித்தனியா சூடாகுற ரெண்டு பகுதிக்கு நடுவுலயும் பிரிக்கணும். ஜாயிண்ட்டத் தாண்டிப் போற பைப்புக்கு மேல உறை போட்டிருக்கணும். இதெல்லாம் அவர் வாயாலயே வந்தா நிம்மதியா வேலையக் கொடுக்கலாம். பழைய வீட்டு மாடித் தளம்னா இன்னொரு கேள்வியும் இருக்கு, 65 மில்லிமீட்டர் சிமெண்ட் மணல் ஒரு சதுர மீட்டருக்கு 130 கிலோவுக்கு மேல, மரத் தளம் அத தாங்குமானு கட்டமைப்பு இன்ஜினியர்தான் சொல்லணும், ஸ்க்ரீட் போடுறவர் சொல்லக் கூடாது.

யார் போட்டாலும் அதுக்கு அப்புறம் வர்ற நாட்கள் உங்க பொறுப்புதான், நிறைய நல்ல தரை கெட்டுப் போறது இங்கதான். சிமெண்ட் மணல் தளத்த முதல் 7 நாள் பாலித்தீன் போட்டு மூடி வைங்க, ஜன்னலத் திறந்து காத்து விட்டு வேகமா காய வைக்க நினைக்காதீங்க. அப்புறம் காயுறது ஒரு நாளைக்கு ஒரு மில்லிமீட்டர் கணக்கு, 50 மில்லிமீட்டர் வரைக்கும், அதுக்கு மேல உள்ளது இன்னும் மெதுவா. 65 மில்லிமீட்டர்னா ரெண்டு மாசத்துக்கு மேலனு வச்சுக்கங்க. தரை மேல வெள்ளையா காஞ்ச மாதிரி இருக்கேன்னு ஹீட்டிங்க போட்டுடாதீங்க. சிமெண்ட் தளத்துக்கு குறைஞ்சது 21 நாள், கால்சியம் சல்ஃபேட்டுக்கு குறைஞ்சது 7 நாள் ஆகணும். அப்பவும் நேரா முழுச் சூடு இல்ல, 20லேருந்து 25 டிகிரி தண்ணிய 3 நாள் ஓட விட்டு, அப்புறம் டிசைன்ல சொன்ன அதிகபட்ச சூட்டுக்கு ஏத்தி 4 நாள் வச்சுப் பாக்கணும், இதுவும் ஈஎன் 1264ல உள்ளதுதான். ஏத்துறதும் இறக்குறதும் மெதுவா.

டைலோ மரமோ போடுறதுக்கு முன்னாடி ஈரத்த அளக்கச் சொல்லுங்க. தரையக் கொஞ்சம் கொத்தி எடுத்து கார்பைடோட குப்பில போட்டு குலுக்கி அழுத்தம் பாக்கிற முறைல ஹீட்டிங் உள்ள சிமெண்ட் தளத்துக்கு 1.8 சதவீதம், கால்சியம் சல்ஃபேட்டுக்கு 0.3லேருந்து 0.5 சதவீதம்னு பொதுவா கேப்பாங்க, நீங்க போடப் போற மரம், பசை கம்பெனி என்ன எழுதியிருக்கோ அதுதான் கடைசி. கொத்துற இடத்துல பைப் இல்லனு உறுதி பண்ணிக்கணும், அதுக்கு பைப் விரிக்கும்போதே ஒவ்வொரு ரூம்லயும் ஒரு இடத்த காலியா விட்டு குறிச்சு வைங்க.

எல்லாத்தையும் என் கையாலதான் செய்வேன், யாரையும் விட மாட்டேன்னு இருக்கிறவங்களுக்கு ஸ்க்ரீட்டே இல்லாத வழியும் இருக்கு. பைப்புக்கு பள்ளம் வெட்டின இன்சுலேஷன் பலகை, அதுல சூடு பரப்புற அலுமினியத் தகடு, அதுக்கு மேல ஈரக் கலவைக்குப் பதிலா தரைப் பலகை ரெண்டு அடுக்கு ஒட்டி முடிக்கிறது. கனம் கம்மி, காயுற நாள் கணக்கு இல்ல, தப்பானா பிரிக்கலாம். பொருள் விலை ஜாஸ்தி, சூட்ட தேக்கி வைக்கிற தன்மை கம்மி, ஆனா ஒரு ஆள் ஒவ்வொரு ரூமா நிதானமா முடிக்கலாம். சின்னக் குளியலறைக்குன்னா சூடேறுற கம்பி வச்ச எலெக்ட்ரிக் மேட் விரிச்சு அது மேல சில மில்லிமீட்டர் லெவலிங் காம்பவுண்ட் ஊத்துறது இன்னும் சுளுவு, விரிக்கிறதுக்கு முன்னாடி, விரிச்ச பிறகு, மூடின பிறகுன்னு மூணு தடவையும் மீட்டர் வச்சு ஓம், அதாவது கம்பியோட மின்தடை, அளந்து குறிச்சுக்கங்க, கரண்ட் கனெக்ஷன மட்டும் எலெக்ட்ரிஷியன் கைல கொடுத்துடுங்க.